9 ஆண்டுகள் உழைத்த ஸ்டாண்ட் மிக்சரைப் பிரித்துப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

கெட்டியான மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது என் ஸ்டாண்ட் மிக்சரின் தலைப்பகுதிக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த சில நொடிகளில் பிசையும் கொக்கி நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் முன்னைவிட இலகுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 9 ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தவறாமல் ஓடிய இயந்திரம் அது. பழுதுபார்க்கும் நிலையத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கே அதைத் திறந்துகூடப் பார்க்காமல், உட்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அதைவிடப் புதிதாக ஒன்றை வாங்கிவிடுவதே மேல் என்று சொல்லிவிட்டார்கள். மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு நானே அதைப் பிரித்துச் சரிசெய்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின் எழுதுவதால், இந்த மதிப்புரை வாங்கிய புதிதில் நான் எழுதியிருக்கக்கூடிய ஒன்றிலிருந்து பெரிதும் வேறுபட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி இதே உள்ளமைப்பைக் கொண்ட எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும்.

என்னிடம் இருப்பது தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கிண்ணத்தை எடுக்கும் வகை. உடல் வார்ப்பு உலோகம். மோட்டாரும் கியர் பெட்டியும் தலைக்குள்ளேயே கிடைமட்டமாக அமைந்துள்ளன. மோட்டாரின் தண்டு முனையில் திருகுமரை போல வெட்டப்பட்ட பகுதியை வார்ம் என்பார்கள். அது ஒரு பற்சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் சாய்வுப் பற்கள் கொண்ட இன்னொரு கியரைச் சுழற்ற, அதன் வழியாகச் சக்தி செங்குத்தான நடுத்தண்டுக்கு இறங்குகிறது. நடுத்தண்டின் கீழ்முனையில் இருப்பதுதான் கோள் இயக்கப் பகுதி. கிண்ணத்தை வலம்வரும்போதே, பீட்டர் என்னும் கலக்கும் துடுப்பு தன் அச்சில் எதிர்த்திசையில் சுழலும்படி செய்வது இந்தப் பகுதியின் வேலை. கிண்ணம் அசையாமல் நின்றாலும் அதன் எல்லா மூலைகளையும் பீட்டர் தொடுவது இதனால்தான்.

இந்த அமைப்பு ரொட்டித் தொழிற்கூடங்களிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதலில் வடிவமைத்தது 80 குவார்ட், அதாவது ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளளவு கொண்ட பெரிய இயந்திரத்தை; வீட்டுக்கான சிறிய வடிவம் 1919இல் விற்பனைக்கு வந்தது. தொழிற்கூடத்தில் ஓயாமல் ஓட வேண்டிய இயந்திரத்தைப் பழுதானதும் தூக்கி எறிய முடியாது. அதைத் திறக்கவும் பகுதிகளை மாற்றவும் முடிந்தாக வேண்டும். நூறாண்டு கடந்த பின்னும், வார்ம் கியர் வகை இயந்திரங்களில் திருகாணிகளும் தட்டி எடுக்கக்கூடிய பின்களும் இருப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஒரு ஸ்டாண்ட் மிக்சரை மதிப்பிட நான் இப்போது முதலில் கேட்கும் கேள்வி, அளவுக்கு மீறிய சுமை வந்தால் அதில் எது முதலில் உடையும் என்பதே. மாவு இறுகிக் கொக்கி நின்றுபோகும் கணத்தில் சக்தி எங்காவது போயாக வேண்டும். நல்ல வடிவமைப்பில், எளிதில் மாற்றக்கூடிய ஒரே ஒரு பகுதி மற்றவற்றைக் காட்டிலும் மென்மையான பொருளால் செய்யப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது வார்ம் சுழற்றும் பற்சக்கரம். அதன் பற்கள் உடைந்து மோட்டாரையும் மற்ற கியர்களையும் காப்பாற்றிவிடும். ‘பிளாஸ்டிக் கியர் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்’ என்று இந்தச் சக்கரத்தைப் பற்றிக் குறைகூறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் முன்பு அப்படியே நினைத்தேன். மற்ற எல்லாக் கியர்களும் உலோகமாக இருக்க, இந்த ஒன்று மட்டும் மென்மையாக இருந்தால் அது சிக்கனம் அல்ல, யோசித்துச் செய்த ஏற்பாடு. எல்லாக் கியர்களுமே பிளாஸ்டிக்காக இருப்பது முற்றிலும் வேறு விஷயம்.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். என் இயந்திரத்தின் பழுது, திறக்காமலேயே முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

மோட்டார் ஓடுகிறதா என்பதே முதல் கேள்வி. சத்தமே இல்லையென்றால் தேட வேண்டிய இடம் கியர் பெட்டி அல்ல. மின்செருகியை வேறொரு செருகுவாயில் பொருத்திப் பார்க்க வேண்டும். மின்கம்பி உடலுக்குள் நுழையும் இடத்தில் பல ஆண்டுகள் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் என்னும் மின்அளவுக் கருவியால் மின்தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். சில இயந்திரங்களில் தலை முழுமையாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால் மின்சாரமே போகாதபடி ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதன் முனையில் மாவு உலர்ந்து ஒட்டிக்கொண்டால்கூட இயந்திரம் செத்தது போலக் கிடக்கும். வெப்பம் மிகுந்தால் தானாகவே நிறுத்தும் காப்பு உள்ள இயந்திரம் நீண்ட நேரம் பிசைந்த பின் நின்றுபோனால், சுவிட்சை அணைத்து அரை மணி நேரமாவது ஆறவிட்டுப் பார்ப்பதே முதல் மருந்து. இவை எதுவும் இல்லையென்றால், சுழலும் மோட்டாரோடு உரசி அதற்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டுகளான பிரஷ்கள் தேய்ந்துபோயினவா என்று சந்தேகம் கொள்ளலாம். விட்டுவிட்டு ஓடுவது, தட்டினால் ஓடுவது, வேகம் ஏறி இறங்குவது ஆகிய மூன்றும் பெரும்பாலும் அவற்றின் அடையாளங்கள்.

வேகக் குமிழை எங்கே வைத்தாலும் இயந்திரம் முழு வேகத்தில் மட்டுமே ஓடினால், பழுது வேகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய வகைகளில் மோட்டாரின் பின்முனையில் ஒரு விசைச்சீராக்கி இருக்கும். வேகம் கூடும்போது அதன் எடைகள் வெளிநோக்கி விரிந்து, ஒரு தட்டிலுள்ள மின்தொடுமுனைகளைப் பிரிக்கும். வேகம் குறையும்போது அவை மீண்டும் சேரும். அந்த முனைகள் கருகி ஒட்டிக்கொண்டாலோ, தட்டு இடம் விலகினாலோ வேகம் கட்டுக்குள் நிற்காது. அதனுடன் இணைந்த மின்னணுப் பலகையில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்னும் பகுதி பழுதாகி, மின்சாரத்தைத் தடுக்காமல் விட்டுவிட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

என் இயந்திரத்தின் நிலை இவற்றில் எதுவும் அல்ல. மோட்டார் நன்றாக ஓடியது, கொக்கி மட்டும் சுற்றவில்லை. மோட்டாருக்கும் கொக்கிக்கும் இடையே சக்தி எங்கோ அறுந்திருக்கிறது என்பது இதன் பொருள். எந்த இடத்தில் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பல இயந்திரங்களில் தலையின் முன்பக்கம், கூடுதல் கருவிகளைப் பொருத்துவதற்கு ஒரு மூடியிட்ட துளை இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, கிண்ணமும் கொக்கியும் இல்லாமல், குறைந்த வேகத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு, கையை உள்ளே விடாமல் அந்தத் துளைக்குள் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் தண்டு சுழன்று, கீழே கோள் இயக்கப் பகுதி மட்டும் அசையாமல் நின்றால், நடுத்தண்டைக் குறுக்கே பிணைக்கும் பின் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது. அது சிறிய பழுது. இரண்டுமே சுழலவில்லையென்றால் உடைந்தது அதற்கும் முன்னே, வார்ம் சுழற்றும் சக்கரத்தில். எனக்கு இரண்டும் சுழலவில்லை. பழுதுபார்க்கும் நிலையத்தில் இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால், உட்பகுதி முழுவதையும் மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிரிக்கும் வேலையில் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மின்செருகியைப் பிடுங்கி, அது கண்ணெதிரே தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் நான் தொடங்கினேன். உள்ளே மின்தேக்கிகள் இருக்கலாம். பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கும் என்பதால், சற்றுக் காத்திருந்து, மீட்டரால் மின்னழுத்தம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கம்பிகளைத் தொட வேண்டும். மின்சாரத்தோடு பழக்கமே இல்லாதவர்கள் கியர், கிரீஸ், பின் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, கம்பி இணைப்புகளைத் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

கோள் இயக்கப் பகுதியைக் கழற்றுவதில் தொடங்குகிறது வேலை. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு துளைக்குள் பின் தெரியும். அதே பருமனுள்ள பஞ்ச் என்னும் உலோகக் கோலை வைத்துச் சுத்தியால் அளவாகத் தட்டினால் அது மறுபக்கம் வெளியே வரும். தலையின் அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுக்காமல் தட்டினால் அந்த அடி முழுவதும் கழுத்து மூட்டின்மேல் விழும். இதை நான் இரண்டாவது அடிக்குப் பிறகுதான் உணர்ந்தேன். அந்தப் பின் வெளியே வந்ததும், இருபக்கமும் இரண்டு தட்டையான கருவிகளால் சமமாக நெம்பினால் அந்தப் பகுதி கீழே இறங்கிவிடும். அதற்குமேல் தெரியும் திருகாணிகளையும், பின்மூடியையும், கழுத்தருகே உள்ள திருகாணிகளையும் கழற்றிய பிறகு மேலுறை தூக்கினால் வந்துவிடுகிறது. திருகாணிகளின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஓர் அட்டையில் இயந்திரத்தின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்திவைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். திரும்பப் பூட்டும்போது என்னைக் காப்பாற்றியவை இந்த இரண்டும்தான்.

கியர் பெட்டி திறந்ததும் தெரிந்த காட்சியைச் சொல்லத்தான் வேண்டும். கிரீஸ் இரண்டாகப் பிரிந்திருந்தது: அடியில் பழுப்பு நிற எண்ணெய் தேங்கியிருக்க, பக்கச் சுவர்களில் கெட்டியான மெழுகு போன்ற பொருள் ஒட்டிக்கொண்டு, கியர்களின் பற்களில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு கெட்டிப்பொருள். பல ஆண்டுகள் கழிந்தால், அதுவும் நீண்ட நாள் ஓடாமல் நின்றால், எண்ணெய் அதிலிருந்து கசிந்து பிரியும். பீட்டரின் தண்டு வழியே கிண்ணத்தில் சொட்டும் கறுப்பு எண்ணெய் இதுதான். என் இயந்திரம் பழுதாவதற்கு ஓராண்டு முன்பே அப்படிச் சொட்டத் தொடங்கியிருந்தது. நான் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். உயவு இல்லாமல் ஓடிய பற்சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? அதன் பற்களில் ஏழு அடியோடு சிதைந்திருந்தன. அந்தச் சொட்டை அன்றே கவனித்திருந்தால், கிரீஸை மட்டும் மாற்றி இந்த உடைப்பைத் தவிர்த்திருக்கலாம் என்றே நம்புகிறேன்.

தயாரிப்பாளர்மீது எனக்குள்ள முதல் குறை இங்கேதான். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் துணைக்கருவிகளை மாட்டுவது பற்றிப் பல பக்கங்கள் இருக்கின்றன. கிரீஸ் பழையதாகும் என்றோ, எண்ணெய் சொட்டுவது எதன் அடையாளம் என்றோ ஒரு வரிகூட இல்லை. வாகனத்துக்கு எண்ணெய் மாற்றச் சொல்லும் குறிப்பு இல்லாமல் விற்க எவரும் துணிய மாட்டார்கள். கியர் பெட்டி கொண்ட சமையலறை இயந்திரத்துக்கும் அந்தக் குறிப்பு தேவை.

பழைய கிரீஸை முழுமையாக எடுப்பது அலுப்பூட்டும் வேலை, ஆனால் அதில் குறுக்குவழி கூடாது. வெவ்வேறு கெட்டிப்பொருள்களால் செய்த கிரீஸ்கள் கலந்தால் ஒன்றோடொன்று ஒவ்வாமல் நீர்த்துப்போகக்கூடும் என்பதால், பழையதன்மேல் புதியதைப் பூசுவது தவறு. பிளாஸ்டிக் சுரண்டியாலும் காகிதத் துணியாலும் துடைத்தெடுத்தேன். மூலைகளுக்குப் பஞ்சு சுற்றிய குச்சி உதவியது. சக்கரத்திலிருந்து உடைந்த துணுக்குகளை ஒன்றுவிடாமல் தேடி எடுப்பதும் இதில் சேரும். ஒரு துணுக்கு தங்கினாலும் அது புதிய சக்கரத்தைத் தின்றுவிடும். புதிதாக இடுவது உணவுத் தரக் கிரீஸாக இருக்க வேண்டும். உணவோடு தற்செயலாகத் தொடர்புபட நேர்ந்தாலும் ஏற்கத்தக்கது என்பதைக் குறிக்கும் ‘எச்1’ என்னும் குறியீடு அதன் உறைமேல் இருக்கும்; கெட்டித்தன்மைக்கு ‘என்எல்ஜிஐ 2’ என்ற தரம் பொருத்தமானது. என் இயந்திரத்துக்குச் சுமார் 170 கிராம் பிடித்தது. அதில் பெரும்பகுதியை வார்மும் அதன் சக்கரமும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி இட்டேன். பற்கள் ஓடும் பாதையில் கிரீஸ் நின்றால் போதும். பெட்டியை மூடி வரை அடைத்தால் சூட்டில் அது விரிந்து வெளியேறவே வழிதேடும்.

சக்கரம் வாங்கும்போது உருவத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே தோற்றமுள்ள இயந்திரங்களில்கூட, தயாரிப்பு ஆண்டைப் பொறுத்துப் பற்களின் சாய்வும் துளையின் அளவும் வேறுபடுவதுண்டு. அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் மாதிரி எண்ணை அப்படியே எழுதிச் சென்று, பகுதிகளைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே வாங்கினேன். சக்கரம், அதன் பின், உறைகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் சேர்த்தே வாங்கியது நல்லதாயிற்று. பழைய கேஸ்கெட் கையில் எடுத்ததும் இரண்டாகக் கிழிந்தது. இப்படி ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகக் கிடைப்பது இந்த இயந்திரத்தின் பெரும் பலம், அதற்காக அதன் தயாரிப்பாளரை மனமாரப் பாராட்டுகிறேன்.

திறந்த கையோடு கார்பன் பிரஷ்களையும் பார்த்தேன். மோட்டாரின் இருபக்கமும் உள்ள கறுப்பு மூடிகளைத் திருகி எடுத்தால், சுருள்வில்லோடு அவை வெளியே வந்துவிடும். இதற்கு மேலுறையைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. பொதுவாக 6 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தால் மாற்றிவிடுவது நல்லது. என்னுடையவற்றில் ஒன்று 5, மற்றொன்று 7 மில்லிமீட்டர். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முனையின் வளைவு, மோட்டார் தண்டில் அது உரசும் செப்புத் தகடுகளின் வளைவோடு பொருந்தும் திசையில் போட வேண்டும். திரும்பப் பழையதையே போடுவதானால், எந்தப் பக்கத்தில், எந்த முகம் மேலே பார்த்து இருந்தது என்று குறித்துவைத்துக்கொள்வது அவசியம். புதிய பிரஷ்கள் தொடக்கத்தில் சற்று அதிகமாகப் பொறிவிடும். சுமையில்லாமல் சில நிமிடங்கள் ஓடினால் முனை படிந்து பொறி அடங்கும். சிறு நீலப் பொறிகள் இயல்பானவை. செம்மஞ்சள் நிறத்தில் வட்டமாகத் தீப்போலச் சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு, செப்புத் தகடுகளின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டி முதன்முறை ஓட்டியபோது கொக்கி சுற்றியது. ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் இயந்திரம் திக்கித் திக்கி ஓடியது. ஒரு நொடி வேகம், ஒரு நொடி தயக்கம். புதிய கியர் சரியில்லையோ என்று முதலில் பயந்துவிட்டேன். காரணம் அது அல்ல. பின்மூடியைத் திறக்கும்போது வேகக் கட்டுப்பாட்டுத் தட்டை நான் அறியாமல் சற்று நகர்த்தியிருந்தேன். அந்தத் தட்டு விசைச்சீராக்கியின் முனைக்கு நேராகவும், மிக அழுத்தாமலும் மிக விலகாமலும் நிற்க வேண்டும். திருகாணியைக் கால் சுற்றுக்கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் மின்செருகியைப் பிடுங்கி, மீண்டும் செருகி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கோள் இயக்கப் பகுதியில் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டி, அது 15 நொடியில் எத்தனை முறை முன்னால் வருகிறது என்று எண்ணினேன். என் இயந்திரத்தில் முதல் வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று வரும்வரை சரிசெய்தேன். மொத்த வேலையில் என் பொறுமையை மிகவும் சோதித்தது இதுவே. கியர் மாற்றியதைவிட இதற்கு அதிக நேரம் ஆனது. தட்டு நிற்க வேண்டிய இடத்தை ஒரு கோடோ புள்ளியோ இட்டுத் தயாரிப்பிலேயே காட்டியிருந்தால் இந்தச் சிரமம் யாருக்கும் நேராது. இது என் இரண்டாவது குறை.

சுமையேற்றுவதற்கு முன் இன்னொன்றையும் செய்ய வேண்டும். மூன்று முள் செருகி கொண்ட உலோக உடல் இயந்திரத்தில், புவி இணைப்பு முள்ளுக்கும் உடலுக்கும் இடையே மீட்டர் தொடர்ச்சியைக் காட்ட வேண்டும். மற்ற இரு முட்களுக்கும் உடலுக்கும் இடையே காட்டவே கூடாது. சுவிட்சை ஓடும் நிலையில் வைத்தும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது, ஆனால் செருகி அப்போதும் வெளியே பிடுங்கியபடியேதான் இருக்க வேண்டும். பூட்டும்போது ஒரு கம்பி உறைக்கும் திருகாணிக்கும் இடையே நசுங்கியிருந்தால் இந்தச் சோதனையில் அது பிடிபடும். ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டி, தலையைத் தொட்டுப் பார்த்து, பிறகு சிறிது மாவோடு தொடங்கினேன்.

கழுத்து மூட்டின் ஆட்டமும் பீட்டரின் உயரமும் பலரும் பழுது என்று எண்ணாமலே விட்டுவிடுகிற இரண்டு சிறு விஷயங்கள். பிசையும்போது தலை துள்ளினால், கழுத்தில் குறுக்கே செல்லும் மூட்டுத் தண்டு ஒருபக்கமாக நகர்ந்திருக்கக்கூடும். அதை இருபுறமும் மட்டமாகும்படி தள்ளி, பிடித்துவைக்கும் திருகாணியை இறுக்கினால் துள்ளல் போய்விடும். பீட்டர் கிண்ணத்தின் அடியைத் தொட்டு உரசினாலும், மிக உயரத்தில் நின்று அடியிலுள்ள மாவை விட்டுவிட்டாலும், அதே கழுத்தருகே உள்ள உயரத் திருகாணியை ஒரு கால் சுற்று திருப்பினால் போதும். கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு நாணயத்தைப் போட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்டினால், பீட்டர் சுற்றுக்கு ஒருமுறை அதை லேசாகத் தள்ளிச் செல்வது சரியான உயரம். தட்டையான பீட்டரை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஒப்பிடுவதற்காக என் உறவினர் வீட்டில் பழுதாகிக் கிடந்த மற்றொரு வகை ஸ்டாண்ட் மிக்சரையும் திறக்க முயன்றேன். விலகாத பூட்டுகளால் இணைத்து, சில இடங்களில் பசையிட்டு ஒட்டிய பிளாஸ்டிக் உடல் அது. திறக்கும்போதே ஓரம் விரிசல் கண்டது. உள்ளே மோட்டாரிலிருந்து சக்தி பல்வார் ஒன்றின், அதாவது பற்கள் கொண்ட வார்ப்பட்டையின், வழியே செல்கிறது. பல்வார் அமைப்பு தன்னளவில் குறையுள்ளது அல்ல. அது அமைதியாக ஓடும், வார் தேய்ந்தால் மாற்றிவிட்டால் போதும். ஆனால் இந்த இயந்திரத்தில் வார் தனியாகக் கிடைக்கவில்லை, கோள் இயக்கப் பகுதியின் கியர்கள் அத்தனையும் பிளாஸ்டிக், சுமை மிகுந்தால் முதலில் உடைவதற்கென்று திட்டமிட்ட பகுதி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதன் பெட்டிமேல் அச்சிட்டிருந்த வாட் எண் என் பழைய இயந்திரத்துடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வாட் என்பது இயந்திரம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் அளவு மட்டுமே. கொக்கியின் முனைக்கு எவ்வளவு முறுக்குவிசை வந்துசேர்கிறது என்பதை அது சொல்லாது. வாங்குபவர்கள் அந்த எண்ணைக் கண்டு மயங்குவதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே, புதிதாக வாங்க நினைப்பவர்கள் கடையில் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடிப்பக்கமும் பின்பக்கமும் திருகாணிகள் தெரிகின்றனவா, பிரஷ் மூடிகள் வெளியிலிருந்தே எட்டுகின்றனவா, வார்ம் சக்கரமும் பிரஷ்களும் தனிப் பகுதிகளாக விற்கப்படுகின்றனவா, பகுதிகளின் வரைபடம் பொதுவில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். என் இயந்திரம் இந்த நான்கிலும் தேறுகிறது. நான் அதை இன்று மீண்டும் வாங்க நேர்ந்தாலும் தயங்க மாட்டேன். பயன்படுத்தும் முறையில் நான் மாற்றிக்கொண்டவையும் உண்டு. கெட்டியான மாவை இரண்டாம் வேகத்துக்கு மேல் பிசைவதில்லை, கிண்ணத்தில் பாதிக்குமேல் நிரப்புவதில்லை, மோட்டாரின் ஒலி தாழ்ந்து முனகத் தொடங்கினால் அந்தக் கணமே நிறுத்திவிடுகிறேன். நீண்ட நாள் ஓடாமல் இருந்தால் மாதம் ஒருமுறையாவது உயர்ந்த வேகத்தில் இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டி, கிரீஸ் பற்களில் பரவச் செய்கிறேன்.

சரிசெய்து 11 மாதங்கள் ஆகின்றன. தண்டின் வழியே எண்ணெய் இதுவரை ஒரு சொட்டும் இறங்கவில்லை. புதிய பிரஷ்கள் மாற்றிய பின் வேகமும் சீராக இருக்கிறது. தீராமல் நிற்பது ஒன்று மட்டுமே: நான்காம் வேகத்தில் சுமையில்லாமல் ஓடும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, மாவு இட்டதும் அது மறைந்துவிடுகிறது. வார்முக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்ய முடியும் என்று அந்தப் பகுதிகளின் வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது. அடுத்த முறை கிரீஸ் மாற்றத் திறக்கும்போது அதை முயன்று பார்க்கவிருக்கிறேன். அதற்காகவே கிரீஸ் மாற்றிய தேதியையும், இட்ட கிரீஸின் பெயரையும், வாங்கிய சக்கரத்தின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.